உடுக்குறி வளர்ந்த வரலாறு
கோப்புப் பெயர்களைக் கோலங்கொண்டு அறியும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

வரலாறு என்றதும் முடியுடை வேந்தரும் அவர்தம் போர்களுமே பலர் நினைவில் எழுகின்றன. ஆயினும் மாந்தர் நாடோறும் கையாளும் சிறு கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஏருக்கும் எழுத்தாணிக்கும் வரலாறு எழுதுதல் தகுமாயின், கணினியின் முன் அமர்ந்தோர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவரும் ஒரு சிறு குறிக்கு வரலாறு எழுதுதல் மிகையாகாது. உடுவின் வடிவினதாகிய அக்குறியை நாம் உடுக்குறி என்கிறோம்.

கணினியில் உள்ள ஆவணம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம் அடைவு. ஓர் அடைவில் முந்நூறு கோப்புகள் இருப்பின், அவற்றுள் ‘கட்டுரை’ எனத் தொடங்குவனவற்றை மட்டும் வேண்டுவோன் முந்நூறு பெயரையும் எழுதுவானல்லன். ‘கட்டுரை*’ என்று எழுதி அமைவான். இங்ஙனம் பல பெயர்களை ஒருங்கே சுட்டும் எழுத்துத் தொடரைக் கோலம் எனலாம். கோலத்தினுள் உடுக்குறி எத்தனை எழுத்துக்கும், எழுத்தின்மைக்கும்கூட, பொருந்தி நிற்கும். வினாக்குறி ஓரெழுத்துக்கு மட்டும் பொருந்தும். பகர அடைப்பினுள் சில எழுத்துகளை இட்டால் அவற்றுள் யாதேனும் ஒன்றுக்குப் பொருந்தும். சீட்டாட்டத்தில் எச்சீட்டின் இடத்திலும் நிற்கவல்ல சீட்டை ஆங்கிலேயர் ‘வைல்ட் காட்’ என்பர். அப்பெயரே இக்குறிகளுக்கும் வழங்கலாயிற்று. ஈண்டு அவற்றைப் பொதுக்குறிகள் என்போம்.

இவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு மூன்று வினாக்கள் எழும். குறியைப் படித்துப் பொருள் கொள்ளும் பொறுப்பு யாருடையது? அதனைப் படிக்கும் வழி யாது? குறி அளக்கும் ‘ஓரெழுத்து’ என்பது யாது? முதல் இரண்டும் அறிவியல் வினாக்கள். மூன்றாவது தமிழராகிய நம்மை நேரே தொடுவது.

முன்னோர்

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டு தோன்றிய நேரப் பகிர்வு முறைமையே, ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்த வழி திறந்தது. அங்குப் பணியாற்றிய பிரான்சிய அறிஞர் லூயி பூசான், கட்டளைகளைத் தொடுத்து இயக்கும் ஒரு செய்நிரலை ஆக்கினார். பயன்படுத்துவோனுக்கும் கணினிக்கும் இடைநின்று கட்டளைகளை ஏற்கும் செய்நிரலுக்கு ஓடு எனப் பொருள்படும் ‘ஷெல்’ என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. அதன் வழித்தோன்றலாகிய மல்ரிக்ஸ் முறைமையில் உடுக்குறி மரபு செவ்வையாக வகுக்கப்பட்டிருந்தது. புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட பெயர்ப் பகுதிகளுள் ஒன்றை ஓர் உடுக்குறியும், எத்தனை பகுதிகளையும் இரட்டை உடுக்குறியும் சுட்டின. ஆயின் அங்கே குறியைப் படிக்கும் பொறுப்பு அவ்வக் கட்டளையைச் சார்ந்தது. கட்டளை ஒவ்வொன்றும் முறைமையின் பொதுச் சார்பொன்றை அழைத்துப் பொருந்தும் பெயர்களைப் பெற்றது.

இவ்விடத்து ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கணித அறிஞர் ஸ்ரீபன் கிளீனி 1956இல் வெளியிட்ட கட்டுரையிலும் உடுக்குறி உண்டு. அவர் வழிவந்த ஒழுங்குக் கோவைகளில் உடுக்குறி, தனக்கு முன்னுள்ளது பன்முறை வருதலைக் குறிக்கும். தனித்து நின்று பொருள் தாராது. கோப்புக் கோலத்திலோ அது தனித்து நின்றே யாதொரு தொடரையும் குறிக்கும். வடிவம் ஒன்று, பொருள் வேறு. ஒழுங்குக் கோவைகளைக் கணினியில் விரைந்து தேடும் வழியை 1968இல் வெளியிட்ட கென் தொம்சனே பின்னர் யுனிக்ஸ் முறைமையின் முதல்வராகவும் விளங்கினார். இரண்டையும் அறிந்த அவர் கோப்புப் பெயர்களுக்கு எளிய முறையையே கொண்டமை நோக்கத்தக்கது. பெயர்களைச் சுட்ட விரும்புவோன் கணிதம் கற்றிருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை அன்றோ?

குளோப் என்னும் செய்நிரல்

பெல் ஆய்வுகூடம் 1969இல் மல்ரிக்ஸ் முயற்சியினின்றும் விலகியது. அவ்வாண்டே தொம்சனும் டெனிஸ் றிச்சியும் பிறரும் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில் என்னும் இடத்தில் யுனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட அதன் முதற் கைநூலிலேயே ‘குளோப்’ என்னும் செய்நிரல் இடம்பெறுகின்றது. முழுமைக்கும் உரியது எனப் பொருள்படும் ‘குளோபல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அப்பெயர்.

அது தனிச் செய்நிரலாக அமைந்ததன் பின்னணி அக்காலப் பொறியின் சிறுமையாகும். யுனிக்ஸ் அப்பொழுது இயங்கிய பி.டி.பி. 11 பொறியின் நினைவகம் 24 கிலோபைற்று அளவினது. அதில் 16 முறைமைக்குப் போக, பயன்படுத்துவோனின் செய்நிரலுக்கு எஞ்சியது 8 மட்டுமே. எனவே ஷெல் சிறிதாய் இருத்தல் இன்றியமையாததாயிற்று. கட்டளை வரியில் பொதுக்குறி காணப்படின் ஷெல் தானே அதனை ஆராயாது, குளோப் செய்நிரலை அழைத்து வரியை அதனிடம் ஒப்படைக்கும். குளோப் அடைவைத் திறந்து, பொருந்தும் பெயர்களைத் தொகுத்து, அகர வரிசையில் அடுக்கி, உரிய கட்டளையை அப்பெயர்களுடன் இயக்கும்.

இச்செய்நிரலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அக்கால யுனிக்ஸ் பெரும்பாலும் பொறியின் ஒடுக்கமொழியில் எழுதப்பட, குளோப் தொம்சன் ஆக்கிய பீ மொழியில் எழுதப்பட்டது. யுனிக்ஸின் முதன்மைச் செய்நிரல்களுள் உயர்நிலை மொழியில் எழுதப்பட்டது இதுவே முதலாவது என்பர். அப்பீ மொழியினின்று 1972ஆம் ஆண்டளவில் றிச்சி சீ மொழியை வளர்த்தார். 1973இல் முறைமையின் கருப்பகுதியே சீ மொழியில் மீள எழுதப்பட்டது. ஆகவே, பெயர்களைக் கோலத்தோடு ஒப்பிடும் இச்சிறு பணி, பெருஞ் செய்நிரல்கள் பொறிமொழியை விட்டு நீங்கிய வழியில் முதலடியாக நிற்கின்றது எனலாம்.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் குளோப் சீ மொழியில் உள்ளது. அதன் உள்ளம் மூன்று சிறு சார்புகளே. முதலாவது, பெயர் புள்ளியில் தொடங்கிக் கோலம் அங்ஙனம் தொடங்காதாயின் உடனே மறுத்துவிடும். இரண்டாவது, கோலத்தின் எழுத்தையும் பெயரின் எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தன்னைத் தானே அழைத்து முன்செல்லும். மூன்றாவது உடுக்குறிக்கு உரியது. குறி இறுதியில் நின்றால் யாதும் பொருந்தும் என ஏற்கும். இல்லையேல் எஞ்சிய கோலத்தைப் பெயரின் ஒவ்வோரிடத்தும் வைத்துப் பார்க்கும்.

புள்ளி பற்றிய விதி ஆராயத்தக்கது. ஒவ்வோர் அடைவிலும் தன்னைச் சுட்டும் ஒற்றைப் புள்ளியும், மேலடைவைச் சுட்டும் இரட்டைப் புள்ளியும் பெயர்களாக உள்ளன. அவற்றைப் பட்டியலில் காட்டாதிருக்க, முதலெழுத்துப் புள்ளியாயின் விடுக என்னும் குறுக்குவழியைப் பட்டியற் செய்நிரலில் மேற்கொண்டனர் என்றும், அதனாலேயே புள்ளியில் தொடங்கும் கோப்புகள் யாவும் மறைந்தனவாயின என்றும் றொப் பைக் 2012இல் எழுதினார். ஒரு வரிச் சுருக்கம் ஐம்பதாண்டு மரபாயிற்று. வகுத்தோர் கருதாத பயன் விதியாய் நிலைபெறுதல் சட்ட வரலாற்றில் மட்டும் காணப்படுவதன்று.

பொறுப்பு யாருடையது?

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஸ்ரீவன் போண் ஆக்கிய ஷெல், குளோப்பின் பணியைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேர்க்லியில் பில் ஜோய் ஆக்கிய ஷெல்லும் அவ்வாறே செய்தது. ஆயினும் இரண்டும் ஒன்றில் வேறுபட்டன. கோலத்திற்குப் பொருந்தும் பெயர் யாதும் இல்லையெனின், ஜோயின் ஷெல் பழைய குளோப்பைப் போன்று பொருத்தமில்லை என அறிவித்து நிற்கும். போணின் ஷெல்லோ கோலத்தை அவ்வாறே கட்டளையிடம் அனுப்பிவிடும். இவ்வேறுபாடு இன்றளவும் இருவேறு ஷெல் மரபுகளில் தொடர்கின்றது.

மறுபுறத்தே, சிறு கணினிகளுக்காகக் கரி கில்டால் 1974இல் ஆக்கிய சீ.பி.எம். முறைமையும், 1981இல் வெளிவந்த எம்.எஸ். டொஸ் முறைமையும் வேறு வழியிற் சென்றன. அங்கே பெயருக்கு எட்டெழுத்தும் வகைக்கு மூன்றெழுத்தும் என இடம் வரையறுக்கப்பட்டது. உடுக்குறி தன்னிடமிருந்து அப்பகுதியின் இறுதிவரை வினாக்குறிகளை நிரப்பும்; ஆதலின் உடுக்குறிக்குப் பின் அப்பகுதியில் வரும் எழுத்துக்குப் பயனில்லை. மேலும் கட்டளையேற்கும் செய்நிரல் கோலத்தை விரிப்பதில்லை. ஒவ்வொரு செய்நிரலும் முதற் கோப்பைத் தேடு, அடுத்ததைத் தேடு என முறைமையை வேண்டிப் பெறுதல் வேண்டும். யுனிக்ஸில் எழுதிய சீ செய்நிரலை அங்குக் கொண்டுசென்றோர் பெயர்களுக்குப் பதிலாக வெறும் உடுக்குறியையே பெற்று இடர்ப்பட்டனர். அதனை நீக்கச் சீ மொழித் தொகுப்பிகளை ஆக்கியோர், கோலத்தை விரிக்கும் துணைப்பகுதியொன்றைத் தனியே வழங்கி, வேண்டுவோர் செய்நிரலுடன் இணைத்துக்கொள்ளச் செய்தனர்.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? ஷெல் விரிக்கும் முறையில் எல்லாக் கட்டளைகளும் ஒரே விதியைப் பெறுகின்றன. செய்நிரல் எழுதுவோன் கோலத்தைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. ஆயின் கட்டளை, தன்னிடம் வந்த பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டனவா, ஒரு குறியால் விளைந்தனவா என அறியாது. டொஸ் முறைமையில் ஒருவகைக் கோப்புகள் அனைத்தையும் வேறு வகைப் பெயருக்கு ஒரே வரியில் மாற்றலாம். யுனிக்ஸில் அஃது இயலாது. அதனினும் கொடிது அழித்தற் கட்டளை. ‘*.ஓ’ என எழுத எண்ணியோன் உடுக்குறிக்கும் புள்ளிக்கும் இடையே தவறுதலாக இடம் விட்டால், அடைவிலுள்ள யாவும் அழியும். கட்டளை எச்சரிக்கவும் மாட்டாது. அது கண்டது பெயர்களையேயன்றிக் குறியையன்று. சிறுகோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பு இருப்பின், விரிந்த பட்டியலில் அப்பெயர் கட்டளைக்கு இட்ட விருப்பக்குறியாகவே படிக்கப்படும் இடரும் உண்டு.

இக்குறைகள் இருந்தும் யுனிக்ஸ் வழியே மேலானதென்பது எம் துணிபு. விதி ஓரிடத்தில் இருப்பின் அதனை ஓரிடத்தில் திருத்தலாம். நூறிடத்தில் இருப்பின் நூறு வகையாகப் பிழைபடும்.

நியமம் தோன்றுதல்

எனினும் எல்லாக் கோலங்களும் ஷெல்லின் வழியே வருவதில்லை. அடைவுகளைத் துருவும் செய்நிரலும், தொலைவிலிருந்து கோப்பு வழங்கும் சேவையகமும் தாமே கோலத்தை ஒப்பிட வேண்டியனவாயின. றிச் சால்ஸ் 1986 நவம்பரில் எழுதிய ‘வைல்ட்மற்’ என்னும் சிறு சீ செய்நிரல் பலராலும் எடுத்தாளப்பட்டது. இன்று செய்நிரலாளர் பெரிதும் கையாளும் கிற் முறைமையின் கோல ஒப்பீடும் அதன் வழிவந்ததே. பேர்க்லி யுனிக்ஸின் நூலகத்தில் அமைந்த குளோப் சார்பு, பின்னாளில் பைதன் மொழியைப் படைத்த கைடோ வான் றொசம் வழங்கியதை அடிப்படையாகக் கொண்டது. இவ்வகை முயற்சிகளின் பின் 1992இல் பொசிக்ஸ் நியமத்தின் இரண்டாம் பகுதி, சீ செய்நிரல்களுக்கு இரு சார்புகளை வரையறுத்தது. ஒன்று ‘எவ்.என்.மட்ச்’; மற்றொன்று ‘குளோப்’.

இரண்டின் வேறுபாட்டை மாணவர் தெளிவுற அறிதல் வேண்டும். முன்னது ஒரு கோலத்தையும் ஒரு பெயரையும் பெற்றுப் பொருந்துமா என்று மட்டும் கூறும், அடைவைத் திறவாது, அப்பெயருடைய கோப்பு உண்டா என்றும் கேளாது. பின்னது அடைவுகளைத் திறந்து பொருந்தும் பெயர்களின் பட்டியலைத் தரும். பயன்படுத்தியபின் அப்பட்டியலுக்குரிய நினைவகத்தை விடுவித்தல் செய்நிரலாளன் கடன். முன்னது பொருந்தியவிடத்துச் சுழியத்தை விடையாகத் தரும். சீ மொழியிலோ சுழியம் பொய்ம்மையைக் குறிப்பது. ஆதலின் விடையைச் சுழியத்தோடு ஒப்பிடாது நேரே நிபந்தனையாக்குவோன், பொருந்தாதவற்றையே பொருந்தியனவாகக் கொள்வான். அடைவுகளைப் பிரிக்கும் சாய்கோட்டை உடுக்குறி தாண்டலாகாது என்பதும், முதற் புள்ளியை வெளிப்படையாக எழுதியே சுட்டுதல் வேண்டும் என்பதும் வேண்டியபொழுது இடப்படும் கொடிகளால் அமையும். கொடி இடாதவிடத்து உடுக்குறி சாய்கோட்டையும் விழுங்கிவிடும்.

படிக்கும் வழி

இனி இரண்டாம் வினாவை நோக்குவோம். ஆறாம் பதிப்பின் மூன்று சார்புகள் அழகியனவாயினும் அவற்றுள் ஓர் இடர் ஒளிந்திருந்தது. ‘க’ என்னும் எழுத்து நூறுமுறை தொடர்ந்துவரும் பெயரொன்றைக் கொள்வோம். அதனைக் ‘க*க*க*க*க*ப’ என்னும் கோலத்தோடு ஒப்பிடுக. பெயரில் ‘ப’ இல்லையாதலின் பொருந்தாது என்பதைச் சிறுவரும் கூறுவர். செய்நிரலோ முதற் ககரத்தை முதலிடத்தில் நிறுத்தி, ஏனைய நான்கையும் எஞ்சிய 99 இடங்களில் இயன்ற வகையிலெல்லாம் வைத்து, ஒவ்வொரு வகையிலும் பகரத்தைத் தேடும். பகரத்தை ஒப்பிடும் முறைகள் மட்டும் 71,523,144 ஆகும். உடுக்குறி ஒவ்வொன்று கூடுந்தோறும் இத்தொகை பன்மடங்காகும்.

இதற்கு மாற்று எளியது. ஓர் உடுக்குறிக்குப் பின்வரும் பகுதியைப் பெயரில் முதன்முதற் காணும் இடத்திலேயே நிறுத்தி, அடுத்த உடுக்குறிக்குச் செல்க. பின்னர் எங்கேனும் தவறின், இறுதியாகக் கண்ட உடுக்குறிக்கு மட்டும் மீள்க. அதற்கு முந்தியவற்றுக்கு மீளற்க. ஏனெனில், முந்திய பகுதியை இயன்றளவு முன்னரே நிறுத்தியதால் பெயரின் மிகப் பெரும் பகுதி எஞ்சியுள்ளது. அதில் அமையாத கோலம், அதனிற் குறைந்த பகுதியில் அமைதல் யாங்ஙனம்? மேற்கூறிய எடுத்துக்காட்டில் ஐந்து ககரமும் முதல் ஐந்து இடங்களில் அமைய, பகரத்தை எஞ்சிய 95 இடங்களில் தேடி, நூறு ஒப்பீடுகளில் விடை பெறலாம். ஏழு கோடிக்கும் நூறுக்கும் உள்ள வேற்றுமை பொறியின் வேற்றுமையன்று, சிந்தனையின் வேற்றுமை.

இவ்வுண்மை நெடுநாள் பலராற் கருதப்படவில்லை. பயன்பாட்டிலிருந்த பல செய்நிரல்களும் நூலகங்களும் 2017இலும் பழைய வழியிலேயே நின்றமையை றஸ் கொக்ஸ் அவ்வாண்டு அளந்து காட்டினார். இடர் காலத்தாழ்வோடு நின்றதுமன்று. அயலார் அனுப்பும் கோலத்தை விரித்துக் கோப்பு வழங்கிய எவ்.ரி.பி. சேவையகங்கள் பலவற்றில், விரிந்த தொடர் ஒதுக்கிய இடத்தைக் கடந்து நினைவகத்தைச் சிதைத்தல் இயலும் என 2001 ஏப்பிரலில் அமெரிக்காவின் சேட் நிலையம் எச்சரித்தது. அயலான் எழுதும் சிறு குறி, வீட்டின் கதவைத் திறக்கும் சாவியாகவும் கூடும் என்பது அன்று புலனாயிற்று.

எழுத்து என்பது யாது?

மூன்றாம் வினாவே நமக்கு இன்றியமையாதது. ஆறாம் பதிப்புக் காலத்து ஷெல், மேற்கோளினுள் நின்ற எழுத்து பொதுக்குறியன்று என்பதைக் காட்ட, ஒவ்வொரு பைற்றிலும் எட்டாவது பிற்றை அடையாளமாகக் கொண்டது. எஞ்சிய ஏழு பிற்றுகள் ஆங்கில நெடுங்கணக்குக்குப் போதுமானவை; பிறமொழி எழுத்துக்கு அங்கே இடமில்லை. தமிழில் ஒரு கோப்புக்குப் பெயரிடுதல் அன்று எண்ணத்தக்கதன்று.

1992 செப்டெம்பரில் அதே தொம்சனும் பைக்கும் வகுத்த யூ.ரி.எவ். 8 என்னும் குறிமுறை அந்நிலையை மாற்றியது. உலக எழுத்துகள் யாவற்றையும் எட்டுப் பிற்றுப் பைற்றுகளின் தொடராக எழுத அது வழிசெய்தது. அதன்வழித் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடங்கொள்ளும். இனிப் பாருங்கள்: ‘தமிழ்’ என்னும் சொல்லில் நம் கணக்கின்படி எழுத்து மூன்று. ஆயின் யூனிக்கோட் முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படுதலால் குறியீடு ஐந்து, பைற்றுப் பதினைந்து. எனவே ‘???’ என்னும் கோலம் ‘தமிழ்’ என்னும் பெயருக்குப் பொருந்தாது. தமிழ் வழங்கும் சூழலமைவில் ஐந்து வினாக்குறிகள் வேண்டும். செய்நிரல் தொடக்கத்தில் சூழலமைவை அமைக்க மறந்தால், பைற்றுக்கு ஒன்றாகப் பதினைந்து வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. ‘கொடி’ என்னும் பெயரின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கோலத்தை ஒப்பிடும் சார்புக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஒன்றில் நான்கு குறியீடு, மற்றதில் ஐந்து. மாணவர் பெயர்களையும் பழைய ஏடுகளின் படிமங்களையும் தமிழ்ப் பெயரிட்டுச் சேமிப்போர், தேடிய கோப்பைக் கண்முன் வைத்துக்கொண்டே இல்லையென்னும் விடையைப் பெறுதல் இதனால் நேரும். பெயரையும் கோலத்தையும் முதலில் ஒரே வடிவுக்கு மாற்றிப் பின்னரே ஒப்பிடுதலும், தமிழ்ப் பெயர்களில் வினாக்குறியைத் தவிர்த்து உடுக்குறியை ஆளுதலும் இதற்குத் தக்க வழிகளாம். முடிந்த தீர்வோ, உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணவல்ல சார்பை நம்மவர் எழுதுதலேயாகும். எழுத்தின் இலக்கணத்தை முதலதிகாரமாக வகுத்த தொல்காப்பியத்தைப் பெற்ற மொழியினர்க்கு அஃது அரிய பணியன்று.

முடிவுரை

மல்ரிக்ஸில் கட்டளைகளின் பொறுப்பாயிருந்த உடுக்குறி, நினைவகச் சுருக்கத்தால் தனிச் செய்நிரலின் பணியாகி, ஷெல்லினுட் புகுந்து, பின் நியமத்தால் எல்லாச் சீ செய்நிரல்களுக்கும் பொதுவாயிற்று. ஒவ்வொரு நிலையிலும் அக்காலத் தேவைக்கென எடுத்த முடிவு, அடுத்த தலைமுறைக்கு விதியாயிற்று. புள்ளியில் தொடங்கும் கோப்பு மறைவதும், பொருந்தாத கோலம் அவ்வாறே செல்வதும், வினாக்குறி நம் எழுத்தைப் பிளந்து எண்ணுவதும் அவ்வாறு வந்தனவே. கருவியை வகுத்தோர் தம் நெடுங்கணக்கைக் கொண்டு உலகை அளந்தமை அவர்தம் குற்றமன்று. அவர்முன் இருந்தது அதுவே. நம் எழுத்தை நாம் அளந்து கொடுக்கும்வரை, பொறி அதனைத் தான் அறிந்தவாறே எண்ணிக்கொண்டிருக்கும்.